முழங்கால் தண்ணிதானேன்னு இறங்குறவங்களுக்கு

வணக்கம் நேயர்களே. கடல்ல இறங்கி நின்னு மீன் புடிக்கிறவங்க எப்படி பத்திரமா இருக்கணும்னு பேசச் சொல்லி என்னைய மைக் முன்னாடி உக்கார வச்சிட்டாங்க. நான் டாக்டரும் இல்ல கோஸ்ட் கார்டும் இல்ல, மொரீஷியஸ்ல மாயேபூர் பக்கம் லகூன்ல, அதான் பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவுல இருக்கற கடல்ல, இடுப்பளவு தண்ணில நின்னு 35 வருஷமா தூண்டில் போடற ஆளு, அவ்வளவுதான். நடுவுல எங்க ஊர் கிரியோல் பாஷை வந்து விழும், பொறுத்துக்குங்க, மீன் பேரெல்லாம் எனக்கு சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் வாயில வருது.

நம்ம மொரீஷியஸ சுத்தி சுமாரா 150 கிலோமீட்டர் பவளப்பாறை வேலி மாதிரி நிக்குது, அலையெல்லாம் அங்கயே உடைஞ்சிடுது, உள்ள தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்குது. ஏத்தம் வத்தம் பாத்தாலும் அமாவாசை பௌர்ணமிக்கு கூட அரை மீட்டர் சுமார்தான் ஏறி இறங்குது. அதனால நமக்கெல்லாம் ஒரு தைரியம், இது என்ன கடலா, குளம்தானேன்னு. எனக்கும் அந்த தைரியம் இருந்துச்சு, 26 வயசு வரைக்கும்.

அன்னிக்கு ஜூன் மாசம், நானும் மச்சானும் போயிருந்தோம். வானம் சுத்தமா இருக்கு, காத்தே இல்ல, நல்ல வத்தம் வேற. முழங்கால் தண்ணில நடந்து நடந்து லாபாஸ் பக்கமா போயிட்டோம், லாபாஸ்னா பாறை வேலில இருக்கற வாசல், படகெல்லாம் போய் வர்ற இடம். மீன் அங்கதான் நிக்கும், கோர்தோன்யே நாலு ஏறிடுச்சு, சந்தோஷத்துல திரும்பிப் பாக்கவே இல்ல. கொஞ்ச நேரத்துல பாத்தா தண்ணி தொடைக்கு வந்திருக்கு, காலுக்கடியில மணல் கரையுது, நிக்க முடியல, ரெண்டு பேரையும் யாரோ பின்னாலேர்ந்து தள்ற மாதிரி வாசல் பக்கம் தள்ளுது. வத்தத்துல தண்ணி எப்படிடா ஏறும்னு மச்சான் கத்துறான்.

அது எப்படின்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. நம்ம குளிர்காலத்துல ரொம்ப தெக்க எங்கயோ புயல் அடிக்கும், இங்க இலை கூட அசையாது, ஆனா அந்த புயலோட அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நம்ம பாறைக்கு வந்து மோதும். மோதுற அலை பாறை மேல ஏறி உள்ள தண்ணிய கொட்டிக்கிட்டே இருக்கும், ஏத்தமா வத்தமான்னு அதுக்கு கவலையே இல்ல. உள்ள வந்த தண்ணி வெளிய போயாகணுமே, எங்க போகும், அந்த வாசல் வழியாத்தான். பெரிய அலையா வந்துச்சுன்னா வாசல்ல ஓட்டமும் பெருசு. இன்னொன்னு, ஓட்டம் ரெண்டு மடங்கானா தள்ளு நாலு மடங்காகும், அதான் ஒரு நிமிஷம் முன்னாடி சுலபமா நின்ன இடத்துல அடுத்த நிமிஷம் கால் நிக்காது.

நாங்க எப்படி தப்பிச்சோம்னா, மச்சான் பைய விட்டான், நான் தூண்டில விட்டேன், கரையப் பாத்து போராடாம ஓட்டத்துக்கு குறுக்கா, பக்கவாட்டுல, தண்ணி வெளுப்பா தெரியற பக்கமா நகர்ந்து நகர்ந்து போனோம், ஒரு மணல் மேட்டுல கால் பட்டுச்சு. புத்திசாலித்தனம் எல்லாம் இல்ல, மச்சான் கைக்கு கிடைச்ச பக்கம் போனான், நான் அவன் சட்டைய புடிச்சிருந்தேன். இப்ப எல்லாருக்கும் அதையே சொல்றேன். எதிர்த்து நீந்தாதீங்க. ஒருவேளை வாசலத் தாண்டி வெளியவே கொண்டு போயிருச்சுன்னா பயந்து அலை உடையற பாறைப் பக்கம் மட்டும் திரும்பி வராதீங்க, அதுதான் ஆள கிழிச்சிடும், வெளிய ஓட்டம் விரிஞ்சு தளர்ந்துடும், மல்லாக்க மிதந்துகிட்டு கைய ஆட்டுங்க. கழுத்துல ஒரு விசில் தொங்கட்டும், கடல் சத்தத்துல தொண்டை எவ்வளவு தூரம் போகும்னு நினைக்கறீங்க.

அதனால இறங்கறதுக்கு முன்னாடி கரைல சும்மா ஒரு கால் மணி நேரம் நில்லுங்க. பாறைல வெள்ளை கோடு எவ்வளவு தடிமனா இருக்கு, நுரை எந்தப் பக்கம் போகுது, வாசல் எங்க, திரும்பி வர எந்த வழின்னு கண்ணால குறிச்சுக்கங்க. வாக்வா வானிலை ஆபீஸ் பெரிய அலைன்னு அறிவிப்பு குடுத்தா அன்னிக்கு வெயில் எவ்வளவு அழகா அடிச்சாலும் வீட்டுல இருங்க. ஜனவரி பிப்ரவரில சைக்ளோனும் அப்படித்தான், காத்து வர்றதுக்கு முன்னாடியே அலை வந்துரும். எனக்கு அந்த நேரத்துல காவடி கரெம், அதான் விரதம், பத்து நாள் வந்துடுது, மீன் வாசனையே கிடையாது, முருகனே கரைல புடிச்சு வச்சிருக்கார்னு என் வீட்டுக்காரி சொல்லுவா.

சாயங்காலம் பத்தி ஒண்ணு. கிழக்குக் கரைல நிக்கறவங்களுக்கு, அதாவது எங்க பக்கம், த்ரூ தோ தூஸ், பெல் மார் எல்லாம், திரும்பி வரும்போது சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும், தண்ணி பூரா வெள்ளித் தகடா மின்னும், கீழ பள்ளமா பாறையான்னு எதுவும் தெரியாது. மேற்குக் கரைல ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம் இந்த தொல்லை இல்ல, அவங்களுக்கு வெயில் முதுகுல. ஜூன் ஜூலைல ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும், அப்புறம் மடமடன்னு இருட்டிடும். அதனால நான் நாலரைக்கே தூண்டில சுருட்டிடுவேன், மீன் அப்பதான் நல்லா கடிக்கும்னு தெரியும், தெரிஞ்சேதான்.

காலுக்கு வருவோம். சாவாத், அதான் ரப்பர் செருப்பு, போட்டுகிட்டு இறங்கறவங்கள இன்னும் பாக்கறேன், கோவமா வருது. நம்ம லகூன்ல லாஃப்னு ஒரு மீன் இருக்கு, கல்லு மாதிரியே கிடக்கும், முதுகுல 13 முள்ளு, மிதிச்சா விஷம் ஏறும், மெல்லிசான சோல்ல முள்ளு பூந்து வந்துரும். கெட்டியான சோல் உள்ள ஷூ போடுங்க, கால தூக்கி வைக்காம மணல தேய்ச்சுகிட்டே நடங்க, முன்னாடி ஒரு குச்சியால தட்டிகிட்டே போங்க, திருக்கை இருந்தா அதுவும் விலகிடும். அழகா இருக்கேன்னு கூம்பு மாதிரி சங்கு எதையும் கைல எடுக்காதீங்க, உயிரோட இருந்தா அது கொட்டும், சில வகைக்கு மூச்சே நின்னுடும், அதுக்கு மாத்து மருந்தும் கிடையாது. கோர்தோன்யே கூட தூண்டில்லேர்ந்து கழட்டும்போது முள்ளுல குத்தும், ஆளக் கொல்லாது, ஆனா அன்னிக்கு மீன் புடிச்சது போதும்னு ஆயிடும்.

ரப்பர் பூட்ஸ்ல தண்ணி நிறைஞ்சா கீழ இழுத்துடும்னு பெரியவங்க சொல்லுவாங்க, அது அப்படி இல்ல, தண்ணிக்குள்ள இருக்கற தண்ணிக்கு என்ன கனம். ஆனா கால உதைக்க முடியாது, மேட்டுல ஏற முடியாது, ஏறும்போதுதான் அந்த கனம் தெரியும். நான் போடறதில்ல. மீன் கோத்த கயித்த இடுப்புல முடிச்சு போட்டு கட்டற பழக்கமும் வேண்டாம், ஒரே இழுப்புல அவுற மாதிரி இருக்கட்டும், கயிறு பாறைல மாட்டுச்சுன்னா நீங்களும் மாட்டிக்குவீங்க.

எங்க மாமா ஒருத்தர் லாஃப மிதிச்சாரு. பெரிய மனுஷன், குழந்தை மாதிரி அழுதாரு. சுத்தி நின்னவங்க கண்டதையும் தடவுனாங்க, ஒருத்தர் கால இறுக்கிக் கட்டச் சொன்னாரு. அதெல்லாம் வேண்டாம். கால் தாங்கற அளவு சுடுதண்ணில, சுமாரா 45 டிகிரி, அரை மணிலேர்ந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் வைக்கணும், சூட்டுல அந்த விஷம் கெட்டுப் போகும். சூட்ட குத்தாத காலால பாருங்க, குத்துன காலுக்கு சூடு சரியா தெரியாது, வெந்துரும். அதுக்குள்ள 114க்கு போன் பண்ணி சாமுவ, அதான் அவசர ஆம்புலன்ஸ, கூப்பிடுங்க, வலி குறைஞ்சாலும் ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

அதுலேர்ந்து என் கார்ல எப்பவும் ஒரு பெரிய தெர்மோஸ் நிறைய சுடுதண்ணியும் ஒரு பிளாஸ்டிக் பேசினும் இருக்கும், பச்சத்தண்ணி கலந்து பக்குவம் பண்ணிக்கலாம்ல. இது வரைக்கும் காலுக்கு தேவைப்படல. மச்சான் மட்டும் போன வாரம் அத தொறந்து காபி கலந்து குடிச்சிட்டான், கேட்டா, லாஃப் எதையும் காணோம், தண்ணி ஆறிடும்லங்கறான்.