லாரிக்காரர் மெக்லீன்

வணக்கம். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு லாரி இருக்கிறது, மீதிப் பேருக்கு லாரியோடு தவணையும் இருக்கிறது. அதனால் ஒரு லாரிக்காரரைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்தேன். பெயர் மால்கம் மெக்லீன். 1913-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். கன்டெய்னர் கப்பலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கப்பல் வாங்கிய பிறகும் அவர் லாரி ஓனராகத்தான் யோசித்தார்.

நாடே பணமில்லாமல் தவித்த காலம். ரெட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பெட்ரோல் பங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். 28 மைல் தள்ளி இருந்த ஃபயட்வில்லிலிருந்து ஆயில் ஏற்றி வருகிறவருக்கு 5 டாலர் வாடகை. அந்த நடையை நாமே அடித்தால் என்ன? துருப்பிடித்த பழைய ட்ரெய்லர் ஒன்றில் ஆரம்பித்தார். 1934-இல் பழைய லாரியைத் தவணைக்கு எடுத்தார். கூடப்பிறந்தவர்களும் சேர்ந்துகொள்ள, இருபது ஆண்டில் 600 லாரிக்கு மேல் ஓடின.

எப்படி என்று கேட்பீர்கள். செலவில் சில்லறை சில்லறையாகப் பிடித்தார். ட்ரெய்லரின் பக்கத் தகடு மடிப்பு மடிப்பாக இருந்தால் காற்று இழுப்பது குறையும், எரிபொருள் மிச்சம் என்று ஓர் ஆய்வு சொன்னது. பாடியை அப்படியே கட்டச் சொன்னார். புது டிரைவரை ஒரு மூத்த டிரைவரிடம் ஒப்படைப்பார். முதல் வருடம் விபத்தே இல்லையென்றால் அந்த மூத்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். இது நம் ஊரிலும் செய்யக்கூடியதுதான், யாராவது செய்து பாருங்கள்.

1937-இல் துறைமுகத்தில் பஞ்சு லோடோடு நாள் முழுக்கக் காத்திருந்தபோதே, சரக்கை இறக்கி ஏற்றாமல் பெட்டியோடு அப்படியே கப்பலில் ஏற்றும் கன்டெய்னர் யோசனை வந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1950-களில் கிழக்குக் கடற்கரைச் சாலைகள் நெரிசலில் திணறியபோதுதான் காரியத்தில் இறங்கினார். முதலில் ட்ரெய்லரைச் சக்கரத்தோடு கப்பலில் ஏற்றத்தான் நினைத்தார். சக்கரம் வீணாக இடத்தை அடைக்கிறதே! சரி, பெட்டி மட்டும் போதும் என்று முடிவு செய்தார். லாரிக் கம்பெனி வைத்திருப்பவர் கப்பல் கம்பெனியும் நடத்த அரசு விதிகள் இடம் தரவில்லை. இருபது ஆண்டு உழைத்து வளர்த்த லாரிக் கம்பெனியை 1955-இல் விட்டுவிட்டார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

1956 ஏப்ரல் 26. ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நியூயார்க் பக்கத்திலுள்ள நூவர்க் துறைமுகத்திலிருந்து டெக்சஸிலுள்ள ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அதுவரை உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆகும். இதில் 16 சென்ட்கூட ஆகவில்லை. மூட்டை சுமந்து பிழைத்த துறைமுகத் தொழிலாளர்கள் இந்தக் கணக்கில்தான் வேலை இழந்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

கணக்கு எப்போதும் பலிக்குமா? 1980-களில் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி, மெதுவாக ஓடி எரிபொருள் மிச்சப்படுத்தும் 12 பெரிய கப்பல்களைக் கடனில் கட்டினார். எண்ணெய் விலை சரிந்தது. 1986-இல் கம்பெனி திவால். அப்புறம், எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில், 1991-இல் ஃபுளோரிடாவிலிருந்து புவேர்ட்டோ ரிக்கோவுக்கு ட்ரெய்லர்களை மிதவையில் ஏற்றி அனுப்பும் புதுக் கம்பெனியை ஆரம்பித்தார்.