கோக்கோ பட்டரில் பால் இருக்கிறதா?

[காட்சி: கும்பகோணத்து வீட்டுச் சமையலறை. மேசைமேல் பிரிக்காத டார்க் சாக்லேட்.]

வணக்கம். போன மாதம் கும்பகோணத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் இப்போது வீகன். பால், தயிர், நெய் எதுவும் தொடுவதில்லை. டிகிரி காபி மணக்கும் ஊரில் அது லேசான காரியமில்லை. நான் வாங்கிப்போன சாக்லேட்டின் உறையைத் திருப்பிப் படித்தாள். "இதிலும் பட்டர் இருக்கே அக்கா" என்று அப்படியே வைத்துவிட்டாள்.

அவள் நினைத்ததில் தப்பில்லை. பங்குனியில் மன்னார்குடி வெண்ணெய்த்தாழி அன்று ராஜகோபாலசுவாமி மேல் வெண்ணெய் வீசி வணங்குகிற மண் இது. வெண்ணெய் என்றாலே நமக்குப் பசுதான் ஞாபகம் வரும்.

ஆனால் கோக்கோ பட்டரில் ஒரு சொட்டுப் பால்கூடக் கிடையாது. எள்ளின் நெய்தான் எண்ணெய். சொல்லைப் பிரித்தாலே தெரியும். விதையிலிருந்து எடுத்த கொழுப்பையும் நெய் என்றே சொன்ன மொழி நம்முடையது. அந்தக் கணக்கில் இது கோக்கோ விதையின் நெய்.

[காட்சி: பிளந்த கோக்கோ காய், வெள்ளைச் சதைக்குள் விதைகள்.]

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோக்கோ வளர்க்கிறார்கள். காயிலிருந்து எடுத்த விதையைச் சில நாள் புளிக்க வைத்து, காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைப்பார்கள். உள்பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்பதால் அரைக்க அரைக்கக் குழம்பாகிவிடும். அதை இயந்திரத்தில் அழுத்தினால் வடிவதுதான் கோக்கோ பட்டர். இந்த முறைக்கு நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பம் 1828-இல் காப்புரிமை வாங்கியது. நம் செக்கு வேலைதான் இதுவும். எள் ஆட்டினால் மிஞ்சுவது பிண்ணாக்கு. இங்கே மிஞ்சுவதைப் பொடித்தால் கோக்கோ பவுடர்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்குமே, அதே மாதிரிதான் இதுவும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். கோக்கோ பட்டர் 34 டிகிரி வரை தாங்கும். அதனால்தான் சாக்லேட் கையில் கட்டியாக இருந்து நாக்கில் கரைகிறது.

சரி, அப்படியானால் எல்லா சாக்லேட்டும் வீகனா? இல்லை. வெள்ளைச் சாக்லேட்டில் கோக்கோ பட்டரோடு வழக்கமாகப் பால்பவுடரும் சேரும். உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் போதாது. அது சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது, பாலை விலக்குவதில்லை. பச்சை நிற ‘வி’ எழுத்தும் இலையும் உள்ள வீகன் முத்திரையைத் தேடுங்கள். அதற்கான விதிகள் 2022-இல் வந்தன. முத்திரை இல்லையென்றால் பால் திடப்பொருள், மோர்ப் பவுடர், கேசினேட் (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) என்ற பெயர்களைப் பாருங்கள். தேங்காய்ப்பால் பவுடரில்கூடச் சிலர் கேசினேட் கலக்கிறார்கள். எனக்கே அது ரொம்ப நாள் தெரியாது.

தினசரிச் சமையலுக்குக் கோக்கோ பட்டரை நான் சொல்ல மாட்டேன். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. கொழுப்பில் 60 சதவீதம் நிறைவுற்றது. பாலை விட்டவர்களுக்குத் தேவையான புரதமோ கால்சியமோ பி12-ஓ இதில் இல்லை. தாளிக்க நம் நல்லெண்ணெய் இருக்கிறது. கால்சியத்துக்கு எள்ளும் கேழ்வரகும். பி12-க்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுங்கள்.

[காட்சி: வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம்.]

இனிப்புக்கு மட்டும் வாங்குங்கள். 100 கிராம் கோக்கோ பட்டரை வெந்நீர் ஆவியில் உருக்கி, நைசாக அரைத்த முந்திரியும் பொடித்த சர்க்கரையும் 60 கிராம் வீதம் கலந்து, தட்டில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். கரண்டியில் ஈரம் இருக்கக் கூடாது. துளி நீர் பட்டாலும் கலவை திரிந்துவிடும். சித்தி மகளுக்கு அன்று மாலையே செய்து கொடுத்தேன்.

சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் உருகும். மறுபடி உறையும்போது மேலே வெள்ளையாகப் படிந்தால் பயப்படாதீர்கள். அது பூஞ்சை இல்லை, கொழுப்பு வேறு விதமாகப் படிகமானது. தாராளமாகச் சாப்பிடலாம்.