கச்சான் காற்றும் டோர்ச் கோரலும்

[காட்சி: இருண்ட அறை, நீல விளக்கின் கீழ் மெல்ல அசையும் கோரல்]

வணக்கம். திரையில் நீங்கள் காண்பது டோர்ச் கோரல் என்ற பவளம். சுண்ணக் குழாயின் வாயிலிருந்து விரல் நீளத்துக்கு நீண்டு அலையும் உணர்கொம்புகளும், ஒவ்வொன்றின் நுனியிலும் பாசிமணி போல ஒளிரும் பச்சை உருண்டையுமே இதன் அழகு. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை நடுநாயகமாக வைக்க ஆசைப்படுவதில் வியப்பில்லை. ஆனால் திருகோணமலையில் இதை வளர்க்க நினைப்பவர் விலையை விசாரிப்பதற்கு முன்னரே வெப்பமானியை வாங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கும் முன்னர் ஒரு சொல். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்காவாக உள்ளது. அங்கிருந்தோ, நமது கரையின் வேறெந்த இடத்திலிருந்தோ உயிருள்ள முருகைக்கல்லைப் பெயர்த்துவந்து தொட்டியில் வைப்பது சட்டப்படி குற்றம். டோர்ச் உட்படக் கல் கோரல்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அடங்குவதால், கடைக்காரரிடம் இறக்குமதி அனுமதிப் பத்திரத்தைக் காட்டும்படி கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. கேள்வியைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இனி வெப்பத்துக்கு வருவோம். கோரலின் தசைக்குள் அல்காக்கள் எனப்படும் ஒற்றைக்கலப் பாசிகள் குடியிருந்து, ஒளித்தொகுப்பின் மூலம் தாம் ஆக்கும் உணவில் பெரும்பகுதியைக் கோரலுக்குக் கொடுக்கின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் குடித்தனம் குலைந்து, அல்காக்கள் வெளியேற்றப்படுகின்றன. நிறம் போய், வெண்மையான எலும்புக்கூடு தசையின் ஊடாகத் தெரியத் தொடங்குகிறது. 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் பரவலாகப் பவளங்கள் வெளுத்ததற்கும் இதுவே காரணம். தொட்டியில் 24 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. 29ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் ஆபத்து.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு நம் வீட்டு அறைகள் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறிய மின்விசிறியை வைத்தால், ஆவியாதல் மூலம் இரண்டு, மூன்று பாகை குறையும். கச்சான் வறண்ட காற்று என்பதால், அதிகம் தேவைப்படும் அந்த நேரத்திலேயே இந்த உத்தி நன்றாக வேலை செய்கிறது என்பது நமக்குக் கிடைத்த ஒரு சலுகை. ஆனால் ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 100 லீற்றர் தொட்டியில் ஒரே நாளில் இரண்டு லீற்றர் குறைந்தால், உப்பின் செறிவு அதற்கேற்ப ஏறும். ஆகவே நாள்தோறும் காலையில், குறைந்த அளவுக்கு ஆர்ஓ நீரை, அதாவது உப்புகள் நீங்க வடிகட்டிய நீரை, ஊற்ற வேண்டும். கிணற்று நீரை ஊற்றாதீர்கள். நான் ஒரு கோடை முழுவதும் ஊற்றினேன். கண்ணாடி தெரியாத அளவுக்குப் பாசிதான் விளைந்தது. வசதியுள்ளவர்கள் நீரைக் குளிர்விக்கும் சில்லர் பூட்டிக்கொள்ளலாம், ஆனால் அது வெளியேற்றும் வெப்பம் அதே அறைக்குள் சுற்றாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடல் பக்கத்தில்தானே, நீரை அங்கிருந்தே எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் மாரி மழைக்குப் பிறகு வேண்டாம். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாப் பக்கத்து நீர் அப்போது நன்னீர் கலந்து, கலங்கியிருக்கும். எங்கே எடுத்தாலும், உப்பின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரில் ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 காட்டுகிறதா என்று பாருங்கள்.

[காட்சி: அதே கோரல், நீல விளக்கு அணைந்து வெள்ளை விளக்கு எரிகிறது]

இப்போது கவனியுங்கள். சற்று முன் பச்சையாகச் சுடர்விட்ட அதே கோரல், வெள்ளை ஒளியில் மண்ணிறமாகத் தெரிகிறது. அதன் தசையிலுள்ள சில புரதங்கள் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையாக வெளிவிடுவதால் வரும் சுடர் அது. பொய்யான நிறமல்ல, ஆனால் முழு உண்மையுமல்ல. ஒரு கடையில் நீல விளக்கின் கீழ் மட்டும் பார்த்து, தங்க நிறம் என்று நம்பி நான் வாங்கிவந்த கோரல், வீட்டில் தேநீர் நிறத்தில் நின்றது. வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

நிறத்தைவிட முக்கியமானது தசையின் விளிம்பு. தசை குழாயின் வெளிப்புறமாக மடிந்து இறங்கியிருந்தால் கோரல் நலமாக உள்ளது. கூரான வெள்ளைச் சுண்ண விளிம்பு வெளியே தெரிந்தால், அது பின்வாங்கத் தொடங்கிவிட்டது. மண்ணிறக் கூழ் ஏதேனும் ஒட்டியிருந்தால் அந்தத் தொட்டியிலிருந்து எதையுமே வாங்காதீர்கள்.

கொழும்பிலிருந்து கொண்டுவருவதானால் வெப்பம் புகாத ரெஜிபோம் பெட்டியில், இரவுப் பயணமாகக் கொண்டுவருவது நல்லது. வீட்டில் பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேருங்கள். கடை நீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். முதலில் அடியில் வைத்து, இரண்டு வாரத்தில் படிப்படியாக வெளிச்சத்துக்கு உயர்த்தலாம். நீரோட்டம் நேராக மோதாமல், கொம்புகள் நெல்வயல் போல் அசையும் அளவுக்கு இருந்தால் போதும். இரவில் இது நீளமான கொட்டும் இழைகளை நீட்டி அயலிலுள்ள கோரல்களைச் சுட்டுவிடும் என்பதால், சுற்றிவர 15 முதல் 20 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள்.

சுண்ணக் கூட்டைக் கட்டுவதற்கான கல்சியத்தையும் காபனேற்றையும் கோரல் நீரிலிருந்தே எடுக்கிறது. வாரம் ஒருமுறை நீரின் காரத்தன்மையைச் சோதித்து, அதை அளக்கும் டிகேஎச் அலகில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வைத்திருங்கள். குறைந்திருந்தால் ஒரே நாளில் ஒரு டிகேஎச்சுக்கு மேல் உயர்த்த வேண்டாம். திடீர் மாற்றத்தையே இது குறைவை விட அதிகம் வெறுக்கிறது.

மின்வெட்டை மறக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததே! வெளிச்சம் இல்லாமல் கோரல் ஒரு நாள் தாங்கும்; ஓட்டமும் ஒட்சிசனும் இல்லாமல் தாங்காது. பற்றரியில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றை, மின்னேற்றித் தயாராக, தொட்டியின் அருகிலேயே வைத்திருங்கள்.

[காட்சி: ஒரே தண்டில் இரண்டு வாய்கள், நெருக்கமாக]

நன்றாக இருந்தால், ஒரு நாள் தலையின் நடுவே ஒரு வாய்க்குப் பதில் இரண்டு வாய்களைக் காண்பீர்கள். அப்போதே அறுக்கத் துடிக்காதீர்கள். இரண்டு தலைகளும் தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்து வளர்ந்த பின்னர், தசை முடியும் இடத்திலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் கீழே, வெறும் சுண்ணத்தில் அறுக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். என் தொட்டியில் முதலில் பிரிந்த தலை இப்போது உப்புவெளியில் ஒரு நண்பர் வீட்டில் வளர்கிறது.