கேட்டு வாங்கத் தெரிந்தவர்

நேயர்களுக்கு வணக்கம். தேர்தலில் தோற்ற அரசியல்வாதிக்குப் பெரிய பதவி கிடைத்தால், 'சரி, ஒதுங்க ஓர் இடம் கிடைத்துவிட்டது' என்று டீக்கடையில் பேசுவோம். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்புக்குத் தலைமை வகித்த அமெரிக்க அரசியல்வாதி கரோல் பெல்லமி விஷயத்தில் அந்தப் பேச்சு எடுபடாது.

இளம் வயதில், 1963 முதல் 65 வரை, பீஸ் கோர் என்ற அமெரிக்கத் தொண்டர் அமைப்பில் சேர்ந்து குவாத்தமாலாவில் இருந்தார். அப்புறம் வழக்கறிஞர். 1973 முதல் நியூயார்க் மாநில செனட்டர், 1978இல் நியூயார்க் நகர மன்றத் தலைவர். நகர பட்ஜெட்டை முடிவு செய்யும் குழுவில் அவருக்கு இரண்டு ஓட்டு. 1985இல் மேயர் பதவிக்கு முயன்று, சொந்தக் கட்சிக்குள்ளேயே அப்போதைய மேயர் எட் காச்சிடம் தோற்றார். 1993இல் தாம் தொண்டராக இருந்த பீஸ் கோருக்கே இயக்குநர். 1995இல் யுனிசெஃப் தலைமை.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. ஐ.நா.வுக்கு நாடுகள் கட்டும் சந்தாவில் யுனிசெஃப்புக்குப் பங்கு கிடையாது. அரசுகளும் மக்களும் மனமுவந்து கொடுப்பதுதான் வருமானம். ஒவ்வொரு ஆண்டும் கேட்க வேண்டும். வாசல் வாசலாகப் போய் ஓட்டு கேட்டவருக்கு அதில் என்ன கூச்சம்?

அதே 1995இல்தான் இந்தியா முழுக்க போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. மருந்து வாங்கித் தந்ததில் யுனிசெஃப்புக்குப் பங்குண்டு. வியாசர்பாடியிலோ திருவல்லிக்கேணியிலோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மேசை, ஐஸ் பெட்டி, வாயில் இரண்டு சொட்டு. பிள்ளை வீறிடும்போதே இடது சுண்டு விரலில் மை வைத்துவிடுவார்கள். நமக்கு ஓட்டுச்சாவடியில் ஆள்காட்டி விரலில் வைப்பார்களே, அதே மாதிரி! வராத பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கே ஆள் வரும். கட்சிக்காரர்கள் வாக்காளர் பட்டியலோடு தெருத் தெருவாக அலைவதும் இதுவும் ஒரே வேலைதான். மை வைக்கும் யோசனை பெல்லமியுடையது என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வேலையின் அருமை, தேர்தலில் நின்றவருக்குச் சொல்லாமலே புரியும். தலைநகரில் போடும் கையெழுத்தால் ஒரு சொட்டும் குழந்தையின் வாய்க்குப் போகாது. கடைசி வீட்டுக்கு யாராவது நடந்தே ஆக வேண்டும். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். பெல்லமி பதவி விட்டு அப்போது கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆகியிருந்தது.

2004 டிசம்பரில் நம் பட்டினப்பாக்கத்தைச் சுனாமி அடித்தபோதும் அவர்தான் பொறுப்பில் இருந்தார். அதைப் பற்றியும், அவர் ஓயாமல் பேசிய பெண் குழந்தைகளின் படிப்பைப் பற்றியும் குறிப்பு எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று: பள்ளியில் தனிக் கழிப்பறை இல்லாவிட்டால், வயதுக்கு வந்த பெண் வீட்டிலேயே நின்றுவிடுவாள். உங்கள் தெருப் பள்ளியில் இருக்கிறதா, பாருங்கள். வணக்கம்.