தலைவருக்கு மறதி வந்தால் யார் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் முதியோர் மருத்துவம் பார்க்கிறவன் நான். மறதி என்று என்னிடம் வருகிறவர்களில் தானாக வந்தவர் அநேகமாக யாருமில்லை. வீட்டார்தான் கூட்டி வருவார்கள். "இன்றைக்கு என்ன கிழமைங்க?" என்று பெரியவரிடம் கேட்பேன். அவர் பக்கத்தில் இருக்கும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். அந்த அம்மாவும் சட்டென்று பதிலைச் சொல்லிவிடுவார். இப்படித் திரும்பிப் பார்ப்பதையே ஓர் அறிகுறியாக நாங்கள் குறித்துக்கொள்வோம்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வந்த ஒருவர். வேலையாட்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பதும், கொலுசாகத் திரும்ப வாங்குவதும், நோட்டில் எழுதுவதும் அவர் கையில்தான். கொடுத்த வெள்ளியையே இரண்டு முறை எழுதுவாராம். கூலியைக் கொடுத்துவிட்டு, கொடுக்கவில்லை என்பாராம். அவர் தூங்கிய பிறகு மகன் உட்கார்ந்து நோட்டைத் திருத்தி வைப்பார். "ரெண்டு வருசமா இப்படித்தாங்க. வெளிய தெரிஞ்சா அப்பாவை யாரு மதிப்பாங்க?" என்றார் அந்தப் பையன். பாசத்தில்தான் செய்தார். ஆனால் அந்த இரண்டு வருடமும் வைத்தியம் இல்லாமல் போனது.

பட்டறையில் நட்டம் என்றால் ஒரு குடும்பத்தோடு போகும். நாட்டை நடத்துகிறவரைச் சுற்றி இருப்பவர்களும் இப்படியே நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தால்?

அப்படி நடந்திருக்கிறது. 1919 அக்டோபரில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம் வந்தது. எந்தக் கோப்பு அவரிடம் போகலாம், யார் அவரைப் பார்க்கலாம் என்பதை அவர் மனைவி ஈடித் முடிவு செய்தார். நோயின் தீவிரத்தை மாதக்கணக்கில் மறைத்தார்கள். 1921 மார்ச் வரை வில்சன்தான் அதிபர். பிரிட்டனில் 1953 ஜூனில், 78 வயதில், பிரதமர் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தபோது பத்திரிகை முதலாளிகளே சேர்ந்து செய்தியை அமுக்கினார்கள்.

நம் ஊரிலும் உண்டு. 2009 மக்களவைத் தேர்தலில், உடல்நலத்தைக் காரணம் காட்டி முன்னாள் மத்திய அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்கு அவர் கட்சி சீட்டுத் தரவில்லை. சுயேச்சையாக நின்று தோற்றார். சில மாதங்களிலேயே மாநிலங்களவைக்கு அனுப்பி வைத்தார்கள். நெருக்கடி நிலையை அவ்வளவு துணிச்சலாக எதிர்த்த மனிதர், கடைசிக் காலத்தை அல்சைமர் நோயோடு கழித்தார். நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அப்படியென்றால் வயது வரம்பு வைத்துவிடலாமே என்பீர்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65, உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, தமிழக அரசு ஊழியருக்கு 60. மக்களவைக்கு நிற்கக் குறைந்தது 25 வயது வேண்டும், மேலே எல்லையே கிடையாது. இருந்தாலும் வரம்பை நான் ஆதரிக்கவில்லை. 1917-ல் இதே சேலம் நகராட்சிக்குத் தலைவரான ராஜாஜி, 80 வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி 83 வயதில் வாஷிங்டன் போய் கென்னடியிடம் வாதாடினார். வயதை வைத்து அவரை நிறுத்தியிருந்தால் யாருக்கு நட்டம்?

மேடையில் ஒரு பெயரை மாற்றிச் சொன்னதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு தலைவரைக் கேலி செய்வதும் தப்பு. பெயர் மறப்பது வயதானால் சகஜம். பழகிய வேலையைச் செய்யும் வரிசை குழம்புவது, பணக்கணக்கு தடுமாறுவது, சந்தேகமும் கோபமும் புதிதாக முளைப்பது, இவைதான் கவலைக்குரியவை. 2024 ஜூனில் பைடன் விவாத மேடையில் திணறியதைப் பார்த்து என்ன நோய் என்று என்னிடம் பலர் கேட்டார்கள். டிவியைப் பார்த்து நோயைச் சொல்கிற மருத்துவர் நல்ல மருத்துவர் இல்லை.

நேரில் பார்க்க வேண்டும். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்லும் 30 மதிப்பெண் தேர்வு ஒன்று இருக்கிறது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பேசிப் பேசிப் பழகிய படிப்பாளிகள் ஆரம்பக் கட்டத்தில் அதை எளிதாகத் தாண்டிவிடுவார்கள். அப்புறம் விரிவான சோதனைதான் வழி. ரத்தப் பரிசோதனையும் அவசியம். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, உடம்பில் சோடியம் இறங்குவது, சில தூக்க மாத்திரைகள், இவையெல்லாம்கூட மூளையைக் குழப்பும். இவற்றில் பல சரியாகக்கூடியவை. மறைத்து வைத்தால் அந்த வாய்ப்பும் போச்சு.

நம் அரசியல் சட்டத்தின் 102-ஆவது பிரிவு, நீதிமன்றம் ஒருவரை மனநலம் குன்றியவர் என்று அறிவித்தால்தான் பதவி போகும் என்கிறது. அந்த வழக்கைப் போடப் போவது யார்? மகனா, உதவியாளரா, பதவிக்காக அவரையே நம்பியிருக்கிற கட்சிக்காரரா? நோயாளிக்கே பல சமயம் தன் குறை தெரியாது. அவர் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு முகத்துக்கும் மறைக்க ஒரு காரணம் இருக்கிறது.

வேட்பாளர்கள் சொத்தையும், கடனையும், வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதுகிறார்கள். உடல்நலம் பற்றி ஒரு வரி கிடையாது. 70 வயதைத் தாண்டிய அமைச்சர்களையும் உறுப்பினர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை அரசு மருத்துவக் குழு பரிசோதிக்கட்டும். நோயின் விவரம் அவரோடு இருக்கட்டும், வேலைக்குத் தகுதியா இல்லையா என்பதை மட்டும் சபாநாயகரிடம் சொன்னால் போதும். குழுவில் அவருடைய சொந்த மருத்துவர் இருக்கக் கூடாது. சோதனை நடக்கும் அறைக்குள் உதவியாளரும் வரக் கூடாது.

நன்றி, வணக்கம்.