ஒற்றையடிப் பாதையும் கற்சுவரும்: யார்க்‌ஷயரில் ஒரு ஜூன் மாதம்

[காட்சி: பூத்த புல்வெளியின் நடுவே கல் பாவிய குறுகிய பாதை]

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவில், ஸ்வேல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மியூக்கர் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதும் ஆற்றை நோக்கி ஒரு பாதை இறங்குகிறது. பலகைக் கற்கள் பாவிய அந்தப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். இருபுறமும் நிற்பது பயிர் என்பதால் ஓர் அடிகூட விலகி மிதிக்கக் கூடாது. ஒற்றையடிப் பாதை என்ற நம் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் கண்டதில்லை.

அந்தப் பயிர் வெறும் புல்தான். ஆனால் ஜூன் மாதத்தில் அந்தப் புல்லுக்குள் ஊதா நிறக் காட்டு ஜெரேனியமும், மஞ்சள் பட்டர்கப்பும், சிவப்பு க்ளோவரும் முழங்காலளவுக்குப் பூத்து அசைகின்றன. யாரும் தோட்டம் போட்டு வளர்த்தவை அல்ல இவை. மே மாதத்தில் ஆடுகளை வெளியேற்றிவிட்டு, பூக்கள் விதையாகி முற்றும்வரை காத்திருந்து, ஜூலையில் புல்லை அறுத்து, வெயிலில் உலர்த்திச் சேமிக்கும் பழைய வழக்கமே இவற்றைக் காத்து வந்திருக்கிறது. வயல்களில் தனித்து நிற்கும் கல் கொட்டில்களின் பரணில் உலர்ந்த புல்லை ஏற்றி, கீழே மாடுகளைக் குளிர்காலம் முழுவதும் கட்டி, சாணத்தை அதே வயலில் பரப்பினார்கள். செயற்கை உரம் மிகுந்தால் புல் கொழுத்து, பூச்செடிகளை அமுக்கிவிடும்.

[காட்சி: மிக அருகில், மஞ்சள் பூவும் காய்ந்த காயும்]

பாதையோரம் குந்தி உட்கார்ந்தால் ஒரு முழ உயரத்தில் மஞ்சள் பூவுடன் ஒரு செடி தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு ‘யெல்லோ ராட்டில்’, அதாவது மஞ்சள் கிலுகிலுப்பை என்று பெயர். அதன் வேர் பக்கத்துப் புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சுவதால் புல்லின் வீரியம் குறைகிறது. அந்த இடைவெளியில் மற்றப் பூக்களுக்கு இடம் கிடைக்கிறது. காய் முற்றியதும் உள்ளே விதைகள் கலகலவென ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டுத்தான் அறுவடைக்கு நாள் வந்துவிட்டது என்று அக்காலத்து உழவர்கள் அறிந்துகொண்டார்கள். நம் ஊர்க் கிலுகிலுப்பைச் செடி வேறு இனம். ஆனாலும் இரண்டுக்கும் பெயர் வந்த காரணம் ஒன்றே என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பூம்புல்வெளிகளில் 97 சதவீதம் 1930களுக்குப் பின் அழிந்துவிட்டன என்று அறிந்த பிறகு, அந்தப் பாதையில் வேகமாக நடக்க எனக்கு மனம் வரவில்லை.

[காட்சி: குன்றின் சரிவில் ஏறும் கற்சுவர்கள்]

வயலுக்கும் வயலுக்கும் இடையே ஓடும் சுவர்களில் சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. இரண்டு வரிசையாகக் கற்களை அடுக்கி, நடுவே சல்லிகளை நெருக்கித் திணித்து, இடையிடையே சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கற்களைக் குறுக்கே வைத்து இரு வரிசைகளையும் பிணைக்கிறார்கள். அடியில் அகன்று மேலே ஒடுங்குவதால் ஒவ்வொரு கல்லின் பாரமும் உள்நோக்கியே இறங்கும். காற்றும் மழைநீரும் இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். இவற்றில் பல, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களைத் தனியுடைமையாகப் பிரித்தபோது எழுந்தவை. அப்போது ஏழைகள் இழந்த மேய்ச்சல் உரிமையையும் நினைத்துக்கொண்டுதான் இந்தச் சுவர்களின் அழகைப் பார்க்க வேண்டும்.

ஆயினும் அந்தச் சுவர்களும் நடப்பவருக்கு வழி விடுகின்றன. பாதை சுவரைச் சந்திக்கும் இடத்தில், மனிதர் பக்கவாட்டில் திரும்பினால் நுழையலாம், செம்மறி ஆடு நுழைய முடியாது என்ற கணக்கில் ஓர் இடுக்கு விட்டிருக்கிறார்கள். இது நில உரிமையாளர் காட்டும் இரக்கம் அல்ல, சட்டம். 1932இல் பீக் டிஸ்ட்ரிக்ட் என்னும் மலைப்பகுதியில், பொதுமக்கள் நடக்கத் தடை இருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில், அந்தத் தடையை மீறி நடந்ததைத் தொடர்ந்து ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். தேசியப் பூங்காக்களுக்கு வழிவகுத்த 1949ஆம் ஆண்டின் சட்டம், பொதுவழிகளை வரைபடத்தில் பதிவு செய்யும் கடமையை மாவட்ட மன்றங்களுக்கு விதித்தது. அப்படிப் பதிவான வழி தனியார் வயலின் நடுவே சென்றாலும், அதில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கிருந்தோ வந்த எனக்கும் அந்த உரிமை உண்டு என்பதை ஒவ்வோர் இடுக்கிலும் நன்றியோடு உணர்ந்தேன்.

[காட்சி: மாலை வெயிலில் சுவரின் இடுக்கு]

மாலையில் திரும்பும்போது, எதிரே ஒரு முதிய பெண்மணி தம் நாயுடன் வந்து, இடுக்குக்கு அப்பால் ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டார். நுழையும்போது கை பட்ட கல், எத்தனையோ பேரின் உடையும் உள்ளங்கையும் உரசி, ஆற்றுக் கூழாங்கல்லைப் போல வழவழப்பாக இருந்தது. வெயில் சாய்ந்த பிறகும் அதில் இளஞ்சூடு மிச்சமிருந்தது.