வெர்னா? வெல்ஸா? வெல்ஸே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'அறிவியல் புனைகதையில் பெரிதும் செல்வாக்குச் செலுத்தியவர் ஜூல்ஸ் வெர்னா, எச். ஜி. வெல்ஸா?' இதுதான் தலைப்பு. வெர்ன் பிரெஞ்சு எழுத்தாளர், வெல்ஸ் ஆங்கிலேய எழுத்தாளர். எதிரணித் தலைவர் வெர்ன் பக்கம் நின்று வெளுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். நீர்மூழ்கிக் கப்பலில் உலகைச் சுற்றவைத்தார் வெர்ன். நிலவுப் பயணத்தை 1865லேயே எழுதினார், அதையும் ஃபுளோரிடாவிலிருந்து கிளப்பினார், நூறு வருடம் கழித்து அப்போலோ விண்கலமும் அங்கிருந்துதானே போனது என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குத் தட்டாமல் இருக்க முடியுமா?

ஆனால் நடுவர் அவர்களே, அவர் அடுக்கியதெல்லாம் பலித்த ஜோசியம். ஜோசியத்துக்கு மார்க் போட நாம் இங்கே கூடவில்லை. பின்னால் வந்தவர்கள் யாருடைய சரக்கை எடுத்துப் பிழைத்தார்கள் என்பதுதான் வழக்கு.

கால இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். வெல்ஸ் அதை எழுதியது 1895ல். அதற்கு எட்டு வருடம் முன்பே ஸ்பெயினில் என்ரிக் காஸ்பர் என்பவர் காலத்தில் பயணிக்கும் ஒரு வாகனத்தை எழுதிவிட்டார். எதிரணி எடுத்து வீசுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 1888ல் அமெரிக்கர் எட்வர்ட் பெல்லமி தன் நாயகனைத் தூங்கவைத்து 2000ஆம் ஆண்டில் எழுப்பினார். மறு வருடம் மார்க் ட்வைன் தன் ஆளை மண்டையில் ஒரு போடு போடவைத்து ஆர்தர் மன்னர் காலத்துக்கு அனுப்பினார். வெல்ஸ் என்ன செய்தார்? உட்கார ஒரு இருக்கை, எதிர்காலத்துக்கு ஒரு நெம்புகோல், திரும்பிவர இன்னொன்று. அவ்வளவுதான்! இப்போது எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதைப் போகிறவனே முடிவு செய்கிறான். 8,02,701ஆம் ஆண்டையும் தாண்டிப் போய்விட்டு, அழுக்கும் காயமுமாக, ராத்திரி விருந்துக்கு வீட்டுக்கு வந்து சேர்கிறான். காஸ்பரின் வாகனம் என்ன ஆனதென்று இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெல்ஸின் ஏற்பாடோ நம்மூர் தியேட்டர் வரை வந்துவிட்டது. 2015ல் 'இன்று நேற்று நாளை' பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனையோ பேர் வெல்ஸ் என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1903ல் ஒரு பேட்டியில் வெர்னே வெல்ஸைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். நான் ஆட்களைப் பீரங்கிக் குண்டில் வைத்து நிலவுக்கு அனுப்புகிறேன், இவர் புவியீர்ப்பை முறிக்கிற ஒரு உலோகத்தைக் கற்பனை செய்துகொண்டு கிளம்பிவிடுகிறார், அந்த உலோகத்தைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். நியாயமான கேள்விதான். வெர்னின் பீரங்கியில் ஏறியவன் வெடித்த நொடியிலேயே கூழாகியிருப்பான், அது வேறு விஷயம்!

வெல்ஸ் நம்மிடம் கேட்பது ஒரே ஒரு சலுகை. ஒரு கதைக்கு ஒரு பொய். அதை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் கறார். நம் மாயக் கதைகளில் ஆள் மறைந்தால் வேட்டியும் சேர்ந்தே மறைந்துவிடும். வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்கு அந்த வசதி இல்லை. உடம்புதான் மறையும், உடுப்பு மறையாது. ஆகவே ஜனவரிக் குளிரில், லண்டன் தெருவில், அம்மணமாக நடக்கிறான். மேலே பனி படிந்தால் உருவம் தெரிந்துவிடும். சாப்பிட்டால் செரிக்கும்வரை உள்ளே போனது தெரியும். சேற்றுக் கால்களோடு படியேறுகிறான். பொடியன்கள் இரண்டு பேர் அந்தக் கால்தடத்தைப் பார்த்துவிட்டு வாய் பிளந்து நிற்கிறார்கள். நடக்காத ஒன்றை நம்பவைக்கிற இந்தத் தொழிலை அடுத்து வந்தவர்கள் வெல்ஸிடம்தான் படித்தார்கள்.

விஞ்ஞானிகளை உருவாக்கியவர் வெர்ன் என்றார்கள். சரி, ராக்கெட் முன்னோடிகளில் ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி, ஜெர்மன் மொழியில் எழுதிய ஓபெர்த் இருவரையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திரவ எரிபொருளில் பறந்த முதல் ராக்கெட்டை 1926ல் விட்ட அமெரிக்கர் ராபர்ட் காடர்டு, பள்ளிப் பையனாக 1898ல் செவ்வாய்க்காரர்கள் பூமிமேல் படையெடுக்கும் வெல்ஸின் கதையைப் படித்தவர். அது தன்னை எப்படிப் பிடித்தாட்டியது என்று 1932ல் வெல்ஸுக்கே கடிதம் எழுதினார். அதே 1932ல் ஹங்கேரி இயற்பியலாளர் லியோ சிலார்டு வெல்ஸின் 1914ஆம் வருட நாவலைப் படித்தார். விமானத்திலிருந்து அணுகுண்டு போடுவதை வெல்ஸ் அதில் எழுதியிருந்தார். அடுத்த வருடம் லண்டனில் தெருவைக் கடக்கும்போது அணுகுண்டுக்கு அடிப்படையான அணுக்கருத் தொடர்வினை என்ற யோசனை சிலார்டுக்கு வருகிறது. காப்புரிமை வாங்குகிறார், வாங்கியதை ரகசியமாக வைக்கச் சொல்லி பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைக்கிறார். ஏன்? வெல்ஸைப் படித்திருந்ததால் அது எதில் போய் முடியும் என்று தெரிந்திருந்ததாம். அவரே பின்னாளில் சொன்னது.

அப்புறம், வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் நாயகன் நீமோ. எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நல்ல இடத்தில் கை வைத்தார். கேப்டன் நீமோ புந்தேல்கண்ட் இளவரசர், திப்பு சுல்தானின் உறவினர், 1857ல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர், ஆகவே வெர்ன் நம்ம ஆள் என்றார். எனக்கும் நீமோவைப் பிடிக்கும். ஆனால் நீமோவின் கோபத்தை ஐரோப்பிய வாசகர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு படிக்கலாம். பாவம், இந்திய இளவரசர், நல்ல மனிதர் என்று பரிதாபப்பட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். வெல்ஸ் அந்த நாற்காலியையே பிடுங்கிவிட்டார்! அந்தச் செவ்வாய்க் கதை வந்தது 1898ல், விக்டோரியா ராணியின் வைரவிழா முடிந்த மறு வருடம். செவ்வாய்க்காரர்கள் வந்து இறங்குவது லண்டனுக்கு அருகே வெல்ஸ் குடியிருந்த வோக்கிங் ஊர்ப் பக்கத்தில்தான். சைக்கிளில் சுற்றிச் சுற்றிப் பார்த்த இடங்களைக் கதையில் ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறார். முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியர் ஐம்பதே வருடத்தில் அழித்ததைச் சொல்லி, செவ்வாய்க்காரன் அதே மனநிலையில் வந்தால் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறார். கேள்வி ஆங்கிலேயரைப் பார்த்து, ஆங்கிலத்தில், அவர்கள் வீட்டு வாசலில் வைத்து! பறக்கும் தட்டில் எவன் வந்து இறங்கினாலும், எந்த நாட்டுப் படமானாலும், அந்தக் கதை வோக்கிங்கில் தொடங்கியது.

இன்னொன்று மட்டும், நடுவர் மணியில் கை வைப்பதற்குள். வெல்ஸைக் கும்பிட்டவர்களை விடுங்கள், எதிர்த்தவர்களைப் பாருங்கள். வெல்ஸின் பொன்னுலகக் கனவைக் கிண்டல் செய்யத்தான் ஆங்கில நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932 நாவலைத் தொடங்கினார். அது 'பிரேவ் நியூ வேர்ல்ட்' ஆகி நின்றது. இத்தனைக்கும் வெல்ஸுக்கு உயிரியல் கற்றுக்கொடுத்த தாமஸ் ஹக்ஸ்லியின் பேரன் அவர். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1941ல் வெல்ஸைக் கிழித்துத் தொங்கவிட்ட கட்டுரையிலேயே, இவர் இல்லாவிட்டால் நம் எல்லோர் மனமும், ஏன், இந்த உலகமுமே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எழுதினார்.

அடுத்து வரும் வெர்ன் அணிப் பேச்சாளருக்கு ஒரு வேண்டுகோள். வெர்னை மறுப்பதற்காகவே ஒருவர் உட்கார்ந்து எழுதி, இன்றும் உலகம் படிக்கிற ஒரு நாவலின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். காத்திருக்கிறேன். வணக்கம்.